வீடு தப்பியது, தூக்கம் போனது

கேள்வி:

ஏற்காடு மலையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம், மேடம். ஒன்றரை ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. மாசிக் கடைசியில் அடிவாரப் பக்கமிருந்து ஏறிய காட்டுத்தீ ராத்திரியில் எங்கள் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் ஊர் ஆட்களும் பச்சைத் தழை ஒடித்து அடித்தே விடியும்வரை அணைத்தார்கள். மாட்டுக் கொட்டகை போனது, உள்ளே கட்டியிருந்த கன்றும் போனது. மிளகு பாதிக்கு மேல் கருகிவிட்டது. வீடு தப்பியது.

ஒன்றரை மாதமாகிறது. தினமும் நடுராத்திரி விழிப்பு வந்து, வாசலில் நின்று காற்றை மோந்து பார்க்கிறேன். போன வாரம் மாமியார் காப்பிக்கொட்டை வறுத்தார். வாசனை மூக்கில் ஏறியதும் பையனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டேன். வீட்டுக்காரர் பேசுவதே இல்லை, முன்பு எப்போதாவது குடித்தவர் இப்போது தினமும் குடிக்கிறார். ஒன்பது வயதுப் பையன் தீப்பெட்டி அட்டையில் வீடு செய்து ‘எரியுது, எரியுது’ என்று விளையாடுகிறான். மாமியாருக்கு அன்றிலிருந்து இருமல் நிற்கவில்லை. எரிந்த பக்கம் நான் இன்னும் காலே வைக்கவில்லை. மனுவும் கொடுக்கவில்லை, ‘யார் அலைவது’ என்கிறார் இவர்.

சென்னையில் இருக்கும் நாத்தனார், மனசு அமைதிக்கு என்று ஒரு வீடியோ அனுப்பினாள். மெழுகுவத்திச் சுடரைப் பார்த்தபடி தியானம் செய்யவேண்டுமாம். பாதியில் நிறுத்திவிட்டேன். கீழ்த்தெருவில் இரண்டு குடும்பத்துக்குக் கூரையே போய்விட்டது. அவர்களே எழுந்து வேலைக்குப் போகும்போது எனக்கு மட்டும் என்ன வந்தது? மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மெழுகுவத்தி. பாதியில் நிறுத்தியது நல்ல காரியம். தீயைக் கண்டு நடுங்குகிறவரைச் சுடரை உற்றுப் பார்க்கச் சொல்லும் வைத்தியம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. நாத்தனார் அன்பாகத்தான் அனுப்பியிருப்பார், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, ‘எனக்கு மட்டும் என்ன வந்தது’ என்ற கேள்வி. பேரிடர் நடந்த ஊர்களில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். கூரை போனவர் உயிர் போன வீட்டைக் காட்டுகிறார், கன்று போனவர் கூரை போனவரைக் காட்டுகிறார். ஆளாளுக்குத் தன்னைவிட அதிகம் இழந்தவரைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். உடம்பு இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அன்று ராத்திரி தீ உங்கள் சுவர்வரை வந்தது, புருஷன் அதற்குள் நின்றார், கன்று கத்தியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த இரவில் உயிர் பிழைக்க உதவிய அதே உஷார்நிலை இன்னும் இறங்காமல் நிற்கிறது. நடுராத்திரியில் மோந்து பார்ப்பது அதனால்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உங்களுக்குக் கண்ணுக்குப் பதில் மூக்கு. வறுக்கிற காப்பிக்கொட்டையும் எரிகிற தோட்டமும் அதற்கு ஒன்றாகிவிட்டது. பைத்தியம் பிடிக்கப்போகிறதோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கீழ்த்தெருவில் வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரி தூங்குகிறார்களா என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். கேட்பது அவர்களுக்கும் நல்லது.

இந்த மாதிரிப் பதற்றம், கனவு, திடுக்கிடல் எல்லாம் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மருந்தும் வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் திரும்பவில்லை, வாசனைக்கே ஓட வேண்டியிருக்கிறது, சம்பவம் நடந்த இடத்தை ஒதுக்கியே வாழ்கிறோம் என்றால் மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது என்று மனநலத் துறையில் வைத்திருக்கிறோம். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு வாரம் ஆகிறது. ஆகவே பாருங்கள். எங்கே, எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். மெடிக்கலில் தெரிந்தவர் என்று எடுத்துக் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் பென்சோடயசபின் வகையாக இருக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத சரக்கு அது. இரண்டு மூன்று வாரத்திலேயே பழக்கமாகிவிடலாம், அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது. பேரிடர் முடிந்த முதல் மாதத்தில் பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ இந்த வகையைப் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. அதைவிட எனக்குப் பெரிய பயம் உங்கள் வீட்டுக்காரர். வீட்டில் மாத்திரை இருந்தால் குடித்துவிட்டு அவரும் ஒன்றைப் போட்டுக்கொள்வார். சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சே அடங்கிப்போகலாம்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடிதத்தில் அவருக்கு நீங்கள் இரண்டு மூன்று வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் குறையாக. தழை ஒடித்துத் தீயை அடித்த மனிதர் அவர். முகத்தில் அனல், மூச்சில் புகை, காற்று திரும்பினால் தப்பிக்க வழியில்லாத சரிவு. தீ மேடேறும்போது வேகம் கூடும் என்பது மலையில் பிறந்தவருக்குத் தெரியாததல்ல. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியபோது, முதலில் மேலே போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். இப்படித் தீக்குள் போனவர்கள் ஊர் கண்ணுக்கு வீரர்கள். வீரனிடம் யாரும் ‘பயந்தாயா’ என்று கேட்க மாட்டார்கள். அப்புறம் அவர்கள் எங்கே போவார்கள்? கடைக்குத்தான் போவார்கள். குடி தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைத்து, நடுச்சாமத்தில் கலைத்துவிடும். மறுநாள் படபடப்பை ஏற்றும், அதை அடக்க மறுபடி குடி. இதைக் குடித்திருக்கும் நேரத்தில் பேசாதீர்கள். காலையில் இரண்டு பேரும் ஒரு வேலையில் கை வைத்திருக்கும்போது, ‘அன்னிக்கு ராத்திரி நீங்க உள்ளே நின்னப்ப எனக்கு உசுரே இல்ல’ என்று உங்கள் பயத்தைச் சொல்லி ஆரம்பியுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நடந்ததைச் சொல்லு சொல்லு என்று தோண்ட வேண்டாம். பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒப்பிக்கவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதனால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும்கூட என்று தெரிந்தபின் கைவிட்டுவிட்டோம்.

இன்னொன்று உண்டு. தினமும் குடித்து வருகிறவர் கோபத்தில் ஒரேயடியாக நிறுத்தி, கை நடுக்கம், உளறல், வலிப்பு என்று வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உடனே 108.

இனி மனு. மனசுக்கு வைத்தியம் கேட்டால் தாலுகா ஆபீஸுக்குப் போகச் சொல்கிறாளே என்று நினைக்கலாம். நான் பார்த்தவரை, தீயோ வெள்ளமோ வந்த வீட்டில் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி அன்றைய ராத்திரி, மீதி நாளைய கடன் தவணை. மூச்சுப் பயிற்சி முதல் பாதிக்குத்தான் உதவும். அதனால் மனுவையும் வைத்தியத்தில் சேர்த்தே எழுதுகிறேன்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலில் தீயும் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும், கிடைக்குமா என்பதை வருவாய்த்துறை பார்த்துத்தான் சொல்லும், நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எழுதிக் கொடுக்காதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. வி.ஏ.ஓ.விடம் ஒரு மனு, ஏற்காடு தாசில்தாருக்கு ஒரு மனு. கொட்டகை, கன்று, மிளகுக் கொடி, காப்பிச் செடி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பட்டா அல்லது வன உரிமைப் பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தக நகல், போனில் எடுத்த படங்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அந்த நிலையத்தில் சான்று கேளுங்கள். கன்றைப் புதைத்திருப்பீர்கள். கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால் பலம், இல்லாவிட்டாலும் படத்தையும் பக்கத்து வீட்டார் சாட்சியையும் வைத்து எழுதுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, முதல்வர் உதவி மையத்துக்கு 1100 எண் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் கேட்கலாம். அதன் எண் 15100.

‘யார் அலைவது’ என்று அவர் கேட்டதற்கும் வழி உண்டு. தனியாக அலையாதீர்கள். உங்கள் மகளிர் குழுவில் எத்தனை வீட்டில் சேதம் என்று ஒரே நோட்டில் எழுதி, எழுதத் தெரிந்த பெண் ஒருத்தி எல்லா மனுவையும் எழுத, இரண்டு பேர் கீழே போய்க் கொடுத்து வரட்டும். கூரை போன இரண்டு குடும்பத்தின் மனு முதலில் போகட்டும். தனியாளாகப் போனால் ‘நாளைக்கு வாம்மா’ என்று அனுப்பிவிடுகிற இடத்தில், பத்துப் பேர் மனுவோடு போனால் நாற்காலி போடுவார்கள். குழுத் தவணையைத் தள்ளிக் கொடுக்கச் சொல்லி வங்கியில் கேட்பதையும் அதே நோட்டோடு செய்யுங்கள்.

எரிந்த பக்கம் போகவில்லை என்றீர்கள். போக வேண்டும், ஆனால் தனியாக வேண்டாம். மனதுக்காக மட்டும் சொல்லவில்லை. நின்றபடி கருகிய சில்வர் ஓக் சின்னக் காற்றுக்கே கிளை முறிந்து விழும், வேர் எரிந்த இடத்தில் கால் உள்ளே போகும். மாமியாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிக்கொண்டு காலை வெயிலில் கால் மணி நேரம் போய்வாருங்கள். கையில் ஒரு சின்னக் கத்தி. கருகிய காப்பிச் செடியின் அடித்தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்து ஈரம் இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. மேலே மொத்தமும் கரியாக இருந்தாலும் காப்பி அடியிலிருந்து துளிர்க்கக்கூடியது. உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்தால் போனதுதான். மிளகுக் கொடிக்கு அவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது. சுரண்டிப் பார்த்ததற்கெல்லாம் ஒரு துணி கட்டி வையுங்கள், பச்சைக்கு ஒரு நிறம், பட்டதற்கு வேறு நிறம். படம் எடுத்து வி.ஏ.ஓ. வந்து பார்க்கும்வரை எதையும் வெட்டித் தள்ளாதீர்கள். எதை வெட்டுவது, எந்த உயரத்தில் வெட்டுவது என்பதை ஏற்காட்டில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். நேரில் முடியாவிட்டால் விவசாயிகள் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

அங்கே போனதும் நெஞ்சு படபடக்கும், கை குளிரும். ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். பயம் உச்சிக்குப் போய் அதுவாகவே இறங்கும், கூட நிற்பவர் அதற்குத்தான். இறங்கியபின் திரும்பி வாருங்கள். உச்சியில் இருக்கும்போதே ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும்.

காப்பிக்கொட்டைக்கும் இதே முறைதான். மாமியாரிடம் சொல்லிவிட்டு வறுக்கச் சொல்லுங்கள். சொல்லாமல் வறுப்பதுதான் திடுக்கிட வைக்கிறது. முதல் நாள் வாசலில் உட்காருங்கள், அடுத்த முறை நடையில், அப்புறம் அடுப்படியில். ஒருநாள் கரண்டியை நீங்களே வாங்கிக் கிளறுவீர்கள். அவசரம் ஒன்றுமில்லை, வாரத்துக்கு ஒருமுறை வறுத்தாலும் போதும்.

ராத்திரி விழிப்புக்கு ஒரு ஏற்பாடு. வாசலில் நின்று மோந்து பார்க்கும் ஆள் உங்கள் ஊரில் நீங்கள் ஒருத்தி மட்டும் இல்லை என்று பந்தயம் கட்டுவேன். மழை பிடிக்கும்வரை ஊரில் இரண்டு இரண்டு பேராக முறை வைத்து, முன்னிரவில் ஒரு சுற்று, பின்னிரவில் ஒரு சுற்று பார்த்தால் என்ன? வனத்துறை பீட் ஆபீஸிலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உங்கள் முறை இல்லாத இரவில், இன்று பார்ப்பது இன்னார் என்று பெயர் தெரிந்திருந்தால் விழிப்பு வந்தாலும் மறுபடி கண்ணை மூட மனசு துணியும். உங்கள் வீட்டுக்காரரை முன்னிரவுச் சுற்றில் போடுங்கள். முறை இருக்கும் ராத்திரி அவர் குடிக்காமல் இருந்தால் அதுவே ஒரு தொடக்கம்.

மற்றபடி சாயந்திரத்துக்கு மேல் காப்பி வேண்டாம் (காப்பித் தோட்டக்காரரிடம் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான்). தீ எரிந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை நிறுத்துங்கள், பையன் கண்ணிலும் படவிடாதீர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், களியோ சோறோ, உட்கார்ந்து.

பையனின் விளையாட்டைத் தடுக்காதீர்கள். வார்த்தையில் சொல்ல முடியாததைக் குழந்தைகள் விளையாட்டில் சொல்லுவார்கள். ஆனால் நிஜத் தீக்குச்சி கைக்குப் போகக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘யாரு வந்து அணைச்சா?’ என்று கேளுங்கள். கதையில் தீயணைப்பு வண்டி வரட்டும், அப்பா வரட்டும். வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதே விளையாட்டு நீண்டால், படுக்கையில் சிறுநீர் போவது, யாரிடமும் ஒட்டாமல் இருப்பது என்று வந்தால், உங்களோடு அவனையும் கூட்டி வாருங்கள். ‘மறுபடி தீ வருமா’ என்று கேட்டால் ‘வரவே வராது’ என்று பொய் சொல்ல வேண்டாம். வந்தால் எந்த வழியாக, யாரோடு, எங்கே போவோம் என்று ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். பள்ளி திறந்ததும் டீச்சர் காதில் போட்டுவையுங்கள்.

மாமியாரின் இருமலைப் புகை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோய் இல்லை என்று உறுதியாக வேண்டும். ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். சாம்பல் கூட்டும்போது தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள், அவர் பக்கத்தில் இருக்க வேண்டாம். முந்தானையை மூக்கில் கட்டினால் நுண்தூள் நிற்காது, என்-95 மாஸ்க் வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றும் உண்டு. ‘யார் தீ வைத்தது’ என்ற பேச்சு இந்நேரம் ஊருக்குள் கிளம்பியிருக்கும். மாடு மேய்க்கிறவர், தேன் எடுக்கிறவர், சுற்றுலா வந்தவர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம், அதை வனத்துறை விசாரிக்கட்டும். தெரிந்த விவரம் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், வாட்ஸப் குழுவில் வேண்டாம். ஒரு வீட்டைக் குற்றவாளியாக்கி ஒதுக்கிவிட்டால் அடுத்த தீக்குத் தழை ஒடிக்க அந்த வீட்டிலிருந்து ஆள் வராது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது. இந்த வருஷம் வேண்டாம், மனசு சரியில்லை என்று யாராவது சொன்னால், போக வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். ஊர் கூடி நிற்பதும் வைத்தியம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் நம் கடலோர ஊர்களில் ஆசிரியர்களையும் உள்ளூர்ப் பெண்களையும் பழக்கித்தான் மனநல உதவியைக் கொண்டுசேர்த்தார்கள். வெளியிலிருந்து போனவர்களைவிட ஊர்க்காரர் ஊர்க்காரருக்குச் செய்தது நிலைத்தது. உங்கள் ஊரில் அப்படி ஒரு ஆள் யார் என்று யோசியுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் பெண் ஒருவேளை சரியாக இருப்பார். எல்லா வீட்டுக்குள்ளும் போகிறவர், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தவர்.

சரி, எங்கே வருவது? ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416. தமிழ்நாட்டின் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. 104-லும் ஆலோசனை கேட்கலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ அவருக்கோ எட்டிப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே பேசுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள், தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

நேரில் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு. புறநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள், அதனால் மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சீட்டு போடும் இடத்தில் ‘மனநலப் பிரிவு’ என்று சத்தமாகச் சொல்ல சங்கடமாக இருந்தால் ‘தூக்கம் வரவில்லை’ என்று சொன்னாலும் அங்கேதான் அனுப்புவார்கள். வீட்டுக்காரரைத் தனக்காக வரச் சொன்னால் வரமாட்டார். ‘எனக்குத் துணைக்கு வாங்க’ என்று கூப்பிடுங்கள், உள்ளே போனதும் மருத்துவரிடம் அவர் குடியைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். மாமியாரின் சளிப் பரிசோதனைச் சீட்டு வந்திருந்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள். மனு நகல் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம், கலெக்டர் ஆபீஸும் சேலத்தில்தானே இருக்கிறது, திங்கட்கிழமையாகப் பார்த்து வந்தால் இரண்டு வேலையும் ஒரே பஸ் செலவில் முடியும்.